விளக்கெண்ணெயும் விரைவுக் காரும்

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் செய்யும் சோதனைகளில் ஒன்று, விளக்கெண்ணெயின் பாகுநிலையைக் காண்பது. உயரமான கண்ணாடி ஜாடி நிறைய விளக்கெண்ணெய் இருக்கும். சிறு எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டு, குறித்த தொலைவைக் கடக்க அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்க வேண்டும். ஸ்டோக்ஸ் முறை என்பது இதன் பெயர். காலையில் செய்யும் பிரிவின் விடையும் பிற்பகலில் செய்யும் பிரிவின் விடையும் ஒத்துப் போவதே இல்லை. பிற்பகல் மாணவர்கள் தாங்கள் எங்கோ தவறிவிட்டதாக எண்ணி, காலைப் பிரிவினரின் எண்ணையே பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். உண்மையில் சோதனையில் தவறு ஏதும் இல்லை. பார்த்து எழுதியதுதான் தவறு. பகல் ஏற ஏற அறை சூடாகிவிட்டது, அவ்வளவே.

அட்டவணையைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் விளக்கெண்ணெயின் பாகுநிலை எண் 9.86 பாய்ஸ். 30 டிகிரியில் அது 4.51. 40 டிகிரியில் 2.31. பத்துப் பத்து டிகிரிக்குப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. நீர் கொதிக்கும் 100 டிகிரிக்கு வந்தால் எஞ்சுவது ஏறத்தாழ 0.17 பாய்ஸ்தான். ஜாடியில் இருப்பது அதே எண்ணெய்தான். ஆனால் இயங்கும் தன்மையைப் பார்த்தால் அது வேறொரு திரவம்.

ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுக் கார்களின் டாஷ்போர்டில் ஒரு தனி மானி இடம் பிடித்ததற்கு இந்த எளிய உண்மைதான் காரணம். சாதாரணக் கார்களில் ரேடியேட்டர் நீரின் வெப்பநிலையைக் காட்டும் முள் ஒன்று இருக்கும். எண்ணெய்க்கோ பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை விளக்கு மட்டுமே. விரைவுக் கார்களில் என்ஜின் எண்ணெயின் வெப்பநிலைக்கென்றே ஒரு முள் உண்டு. கார் வாங்குபவரை மயக்க வைத்த அலங்காரம் என்று இதை நினைப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த முள் காட்டுவது வெப்பத்தை. அதைப் பார்ப்பவர் அறிய விரும்புவதோ வேறொன்றை. இதைப் புரிந்துகொள்ள நாம் 1883-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

வெளியே வந்த மரச்செருகி

அந்த ஆண்டில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்திருந்தது. சோதனைகளைச் செய்தவர் பொசாம்ப் டவர் என்னும் பொறியாளர். இரயில் வண்டியின் அச்சு, பேரிங் எனப்படும் தாங்கிக்குள் சுழலும்போது உராய்வு எவ்வளவு என்பதே கேள்வி. நான்கு அங்குல விட்டமுள்ள தண்டு ஒன்றைக் கிடையாக வைத்து, அதன் மேற்பாதியில் பித்தளைத் தாங்கியைப் பொருத்தி, பாரம் ஏற்றினார். தண்டின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுழன்றது.

ஒரு கட்டத்தில், மேலிருந்தும் எண்ணெய் விட்டுப் பார்க்கலாமே என்று தாங்கியின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்றைப் போட்டார் டவர். இயந்திரத்தை ஓட்டியதும் விந்தையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. துளை வழியே உள்ளே எண்ணெய் விடுவதற்கு மாறாக, உள்ளேயிருந்து எண்ணெய் மேலே பொங்கி வெளியே வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரச்செருகியை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பிறகு அந்தத் துளையில் சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அழுத்தமானியைப் பொருத்தினார். முள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது! தாங்கியின் மேல் இருந்த சராசரிப் பாரமோ சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டுதான்.

இதன் பொருள் என்ன? தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடவே இல்லை. சுழலும் தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று, ஆப்புப் போல் ஒடுங்கும் இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே தானாகவே எழும் அழுத்தம் முழுப் பாரத்தையும் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் எண்ணெயின் மேல் மிதக்கிறது.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இந்த விந்தைக்கு 1886-இல் கணித விளக்கம் தந்தார். நீரோட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது ரேனால்ட்ஸ் எண் என்று நாம் எழுதுகிறோமே, அதே ரேனால்ட்ஸ்தான். படலத்தின் தடிமன் எண்ணெயின் பாகுநிலையையும் தண்டின் வேகத்தையும் சுமக்கும் பாரத்தையும் பொறுத்தது என்று அவர் காட்டினார். டவர் தம் சோதனைகளை ஃபாரன்ஹீட் 90 டிகிரியில், அதாவது நம் அளவில் 32 டிகிரியில் நடத்தியிருந்தார். அப்படியும் வேகம் கூடியபோது கணக்கும் சோதனையும் சற்றே விலகின. ரேனால்ட்ஸ் ஆலிவ் எண்ணெயின் பாகுநிலையைத் தாமே பல வெப்பநிலைகளில் அளந்து, அது அடுக்குக்குறி விதிப்படி குறைவதைக் கண்டார். தொட்டியிலுள்ள எண்ணெயைவிடப் படலத்திலுள்ள எண்ணெய் சூடானது என்பதைக் கணக்கில் சேர்த்ததும் முரண்பாடு தீர்ந்தது. எங்கள் பிற்பகல் மாணவர்களின் குழப்பம் இதே வகையைச் சேர்ந்ததுதான். ரேனால்ட்ஸ் மட்டும் பக்கத்துப் பிரிவின் நோட்டைப் பார்க்கவில்லை.

அடுத்து, 1902-இல் ஜெர்மானியரான ஸ்ட்ரைபெக் உராய்வை வரைபடமாக்கினார். எண்ணெய் மிகக் கெட்டியாக இருந்தால் அதைக் கலக்குவதற்கே ஆற்றல் விரயமாகும். இளக இளக உராய்வு குறைந்துகொண்டே வரும். ஓர் எல்லைக்கு மேல் இளகிவிட்டால் படலம் கிழியும். உலோகம் உலோகத்தைத் தொடும். உராய்வு திடீரென ஏறும். ஏறிய உராய்வு இன்னும் வெப்பத்தைத் தரும். வெப்பம் எண்ணெயை இன்னும் இளக்கும். அதன் பிறகு கண நேரத்தில் தாங்கி பிடித்துக்கொள்ளும். ஆக, மிகச் சிறந்த இடம் ஆபத்தின் விளிம்புக்குச் சற்று இப்பால் இருக்கிறது. விரைவுக் காரின் என்ஜின் எப்போதும் அந்த விளிம்பின் அருகிலேயே வேலை செய்வது.

அழுத்தமானி சொல்லாத செய்தி

"எண்ணெய்க்கு அழுத்தமானி இருக்கிறதே, அது போதாதா?" என்று வாசகர்கள் கேட்கலாம். பலரையும் ஏமாற்றும் இடம் இது. காரின் அழுத்தமானி காட்டுவது எண்ணெய்ப் பம்பு தரும் அழுத்தம். வளிமண்டல அழுத்தத்தைப் போல் சில மடங்கு. தண்டைத் தூக்கி நிறுத்துவது அதுவன்று. டவரின் மரச்செருகியை வெளியேற்றியதே, அந்தப் படல அழுத்தம்தான் அந்த வேலையைச் செய்கிறது. இன்றைய என்ஜின்களில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. பம்பின் வேலை தாங்கியின் வாசலுக்கு எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே.

குளிர்ந்த காலையில் என்ஜினைக் கிளப்பினால் அழுத்தமானியின் முள் பெருமையாக உச்சிக்குப் போய் நிற்கும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் குழாய்களில் ஓட மறுக்கிறது. அதனால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் வரம்பு மீறியதும் ஒரு வால்வு திறந்து, எண்ணெயில் ஒரு பகுதியை மீண்டும் தொட்டிக்கே அனுப்பிவிடுகிறது. மானி மிக நல்ல செய்தி சொல்லும் அதே நேரத்தில் தாங்கிகளுக்குப் போகும் எண்ணெய் குறைவு. எனவே அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர் பாதிச் செய்தியைத்தான் பார்க்கிறார். பாகுநிலை தெரிந்தால்தான் மறுபாதி தெரியும். ஓடும் காரில் எஃகுக் குண்டைப் போட்டுப் பாகுநிலையை அளக்க முடியாதல்லவா? வெப்பநிலையை அளக்கலாம். ஆக, எண்ணெய் வெப்பநிலைமானி என்பது வேறு வேடத்தில் இருக்கும் பாகுநிலைமானியே.

பந்தயக்காரர்கள் இதைக் கணக்குப் போட்டுக் கற்கவில்லை. என்ஜின்களை உடைத்துக் கற்றார்கள். தொடக்க காலத்துப் பெட்ரோலிய எண்ணெய்கள் சூட்டில் நீராய் இளகின. அப்போது கைகொடுத்தது நம் விளக்கெண்ணெய். உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்வதிலும், சூட்டில் படலம் காப்பதிலும் அது அன்றைய கனிம எண்ணெய்களை வென்றது. பெட்ரோலில் எளிதில் கரையாத குணமும் அதற்கு உண்டு. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனம் 1909-இல் ஆமணக்கெண்ணெய் கலந்த தன் புதிய எண்ணெய்க்கு அந்த ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்று பெயர் சூட்டியது. முதல் உலகப் போரின் விமானங்களில் இருந்த சுழல் என்ஜின்கள் விளக்கெண்ணெயைக் குடித்துப் புகையோடு வெளியே துப்பின. விமானிகள் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டுதான் போர் புரிந்தார்கள். அதன் பேதி குணம் நம் பாட்டிமார் நன்கு அறிந்தது. மேற்கொண்டு விவரிக்க வேண்டியதில்லை.

1924-இல் லியோன் நகரப் பந்தயத்திற்கு வந்த புகாட்டி 35 காரில், என்ஜினின் அடித்தொட்டிக்குள் எண்ணெயின் ஊடே குழாய்கள் செல்லும். ஓடும்போது எதிர்க்காற்று அவற்றினுள் புகுந்து எண்ணெயைக் குளிர்விக்கும். எண்ணெய்க்கும் ஒரு ரேடியேட்டர் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது. 1929-இல் டீன், டேவிஸ் என்ற இரு அமெரிக்கர்கள், சூட்டில் ஓர் எண்ணெய் எவ்வளவு இளகுகிறது என்பதற்குக் குறியீட்டெண் ஒன்றை வகுத்தார்கள். மிகக் குறைவாக இளகிய பென்சில்வேனிய எண்ணெய்க்கு 100. மிகுதியாக இளகிய மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அந்த நூறையும் தாண்டிவிட்டன. தாண்டினாலும் விதி மாறவில்லை. இன்று 40 என்ற தரமுள்ள எண்ணெய் 100 டிகிரியில் 12.5-க்கும் 16.3-க்கும் இடைப்பட்ட சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலை கொண்டிருக்க வேண்டும். அதே எண்ணெய் 130 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும்.

முள்ளை நகர்த்துவது எது?

இனி மானியைப் பார்ப்போம். 1912-இல் அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி, ரேடியேட்டர் மூடியின் மேல் நின்ற ஒரு வெப்பமானிதான். ஓட்டுநர் கண்ணாடி வழியே அதன் சிவப்புத் திரவத்தைப் பார்த்துக்கொள்வார். நீருக்கு இது போதும். எண்ணெயோ என்ஜினின் அடிவயிற்றில் இருக்கிறது. அங்கிருந்து செய்தியைக் கொண்டுவர, ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவத்தை ஒரு சிறு உலோகக் குமிழில் அடைத்து எண்ணெயில் முக்கினார்கள். குமிழிலிருந்து முடி போன்ற துளையுள்ள செம்புக் குழாய் ஒன்று டாஷ்போர்டு வரை வரும். அதன் மறுமுனையில், 1849-இல் பிரெஞ்சுக்காரர் பூர்தோன் கண்டுபிடித்த வளைகுழாய். எண்ணெய் சூடானால் ஈதரின் ஆவியழுத்தம் கூடும், வளைகுழாய் நிமிர முயலும், முள் நகரும். மின்சாரம் தேவையில்லை. குழாய் எங்காவது நசுங்கிவிட்டால் மட்டும் மானியையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

பின்னாளில் வந்தது தெர்மிஸ்டர். சாதாரண உலோகத்தைச் சூடாக்கினால் மின்தடை கூடும். 1833-இல் மைக்கேல் ஃபாரடே சில்வர் சல்ஃபைடைச் சூடாக்கியபோது தடை குறைவதைக் கண்டு வியந்தார். நூறாண்டு காலம் பெரிதாகப் பயன்படாமல் கிடந்த அந்த வியப்பு, இன்று பல கார்களின் எண்ணெயிலும் நீரிலும் முழுகிக் கிடக்கிறது.

இயற்பியல் மாணவர்கள் இங்கே சற்று நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈதரின் ஆவியழுத்தம் வெப்பநிலையோடு அடுக்குக்குறி விதிப்படி ஏறுகிறது. தெர்மிஸ்டரின் தடை அதே வகை விதிப்படி இறங்குகிறது. எண்ணெயின் பாகுநிலையும் ஏறத்தாழ அப்படியே. மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு தடையைத் தாண்டுமளவு ஆற்றல் பெற்ற துகள்களின் எண்ணிக்கை, சூடு ஏற ஏற விரைந்து பெருகுகிறது. திரவத்திலிருந்து தப்பும் மூலக்கூறு, படிகத்தில் விடுபடும் எலக்ட்ரான், அண்டை மூலக்கூறுகளை நெருக்கித் தள்ளி நழுவும் எண்ணெய் மூலக்கூறு என்று பாத்திரங்கள்தாம் வேறு. ஈதர் மானிகளில் குளிர்ப் பக்கத்து எண்கள் நெருங்கியும் சூட்டுப் பக்கத்து எண்கள் விரிந்தும் இருப்பது இதனால்தான். ஆபத்துப் பகுதி அகலமாகத் தெரிவது தற்செயலாகக் கிடைத்த நன்மை.

நீர் இல்லாத கார்

எண்ணெய் வெப்பநிலையை ஓட்டுநரின் அன்றாடக் கவலையாக்கிய கார் எதுவென்று கேட்டால், ஜெர்மனியின் போர்ஷே 911 என்பேன். 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வெளிவந்த இந்தக் காரின் ஆறு சிலிண்டர் என்ஜின் பின்புறத்தில் இருந்தது. இரண்டு லிட்டர் கொள்ளளவு, 130 குதிரைத்திறன். ரேடியேட்டரும் கிடையாது, நீரும் கிடையாது. ஒரு பெரிய விசிறி சிலிண்டர்களின் மேல் காற்றை வீசும். காற்று எட்டாத இடங்களான தாங்கிகளிலிருந்தும் பிஸ்டன்களின் அடிப்பாகத்திலிருந்தும் வெப்பத்தைச் சுமந்து வருவது எண்ணெய் ஒன்றே. உயவும் அதுவே, குளிர்விப்பானும் அதுவே. சாதாரணக் காரில் நான்கு லிட்டர் எண்ணெய் இருந்தால் இதில் ஏறத்தாழ ஒன்பது லிட்டர். அதற்கெனத் தனித் தொட்டி. நீரின் வெப்பநிலையைக் காட்ட நீரே இல்லாதபோது டாஷ்போர்டில் வேறு எதைக் காட்டுவது? எண்ணெயின் வெப்பநிலையும் அழுத்தமும் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றன.

விமானங்களில் இது பழைய வழக்கம். காற்றால் குளிரும் என்ஜின் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் வெப்பநிலைமானி கட்டாயம் என்று அமெரிக்க விமான விதிகளே கூறுகின்றன. போர்ஷே செய்தது அதே தருக்கத்தைச் சாலைக்குக் கொண்டுவந்ததுதான்.

குதிரைத்திறனைக் கூட்டக் கூட்ட எண்ணெயின் சுமையும் கூடியது. 1969-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வேகமான 911 எஸ் காரில், முன்பக்க வலது சக்கரத்தின் மேல் இரண்டாவது குளிர்விப்பான் ஒன்றை வைத்தார்கள். என்ஜின் வாலில், குளிர்விப்பான் தலையில்! காரின் பக்கவாட்டில் ஓடும் நீண்ட குழாய்கள் வழியே எண்ணெய் முன்னே போய்த் திரும்பி வரும். தெர்மோஸ்டாட் ஒன்று ஏறத்தாழ 85 டிகிரி வரை அந்த வழியை அடைத்து வைத்திருக்கும். முள் மெல்ல ஏறி வந்து அந்த இடத்தில் தயங்கி நிற்பதைக் கண்டால், முன்வழி திறந்துவிட்டது என்று ஓட்டுநர் அறிவார்.

இந்தக் காரில் எண்ணெய் அளவு பார்ப்பதும் தனி வித்தை. என்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காரணங்களில் ஒன்று வெப்ப விரிவு: 80 டிகிரி ஏற்றத்தில் ஒன்பது லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ அரை லிட்டர் விரிந்துவிடும். குளிரில் பார்த்துவிட்டுக் குறைகிறதே என்று ஊற்றினால் பின்னால் பொங்கி வழியும். 1972-ஆம் ஆண்டு மாதிரியில் எண்ணெய்த் தொட்டியைப் பின் சக்கரத்திற்கு முன்னே மாற்றி, ஊற்றும் வாயை வலப்புறத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு சிறு மூடியின் கீழ் வைத்தார்கள். எடைப் பங்கீட்டிற்கு நல்லதுதான். பெட்ரோல் பங்க் ஊழியர்களோ அதைப் பெட்ரோல் வாய் என்று எண்ணி எண்ணெய்த் தொட்டியில் பெட்ரோலை ஊற்றினார்கள். அடுத்த ஆண்டே தொட்டி பழைய இடத்திற்குத் திரும்பிவிட்டது.

பொதுவாக, எண்ணெய் 80 டிகிரியைத் தொடும் வரை என்ஜினை விரட்டக் கூடாது என்பது விரைவுக் கார் ஓட்டுபவர்களின் வழக்கம். 130-ஐ நெருங்கினால் வேகத்தைத் தணிக்க வேண்டும். மேல் எல்லைக்குக் காரணம் படலம் மெலிவது மட்டுமன்று. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. கீழ் எல்லையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் சிறிதளவு எண்ணெயில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் சேர்கிறது. எண்ணெய் நன்றாகச் சூடானால்தான் இவை ஆவியாகி வெளியேறும். கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் விரைவுக் கார், பந்தயத்தில் ஓடும் காரைவிட விரைவில் எண்ணெயைக் கெடுத்துக்கொள்ளலாம்.

நீர் முள் ஐந்தாறு நிமிடங்களில் நடுவுக்கு வந்துவிடும். எண்ணெய் அதற்குப் பின்தங்கி, பல நிமிடம் கழித்தே வரும். போதாததற்கு, இக்காலக் கார்கள் பலவற்றில் நீர் முள்ளை அடக்கி வைத்திருக்கிறார்கள். உண்மை வெப்பநிலை இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும். வாங்கியவர் பதற்றப்படக் கூடாதாம். மாணவர்கள் ஒரே எண்ணை எழுதிக்கொண்டு வருவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் முள் உள்ள கார்களிலாவது அது உண்மையைச் சொல்லட்டும்.

1998-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5, 2000-இல் வந்த எம்3 ஆகிய கார்கள் வேறொரு வழியைக் கண்டன. சுழற்சி வேகமானியின் விளிம்பில், உயர் வேக எண்களின் அருகே சிறு விளக்குகள் எரியும். எண்ணெய் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். எந்த வேகம் வரை இப்போது போகலாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது மானி. ரேனால்ட்ஸின் சமன்பாட்டில் பாகுநிலையும் வேகமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் போலவே இங்கும் நிற்கின்றன. வேறு சில கார்களில் எண்ணெயில் வெப்பமானியே கிடையாது. நீரின் வெப்பநிலை, வேகம், எரிபொருள் அளவு ஆகியவற்றிலிருந்து கணினி எண்ணெயின் வெப்பநிலையைக் கணக்கிட்டுத் திரையில் காட்டிவிடுகிறது.

போர்ஷேயின் காற்றால் குளிரும் 911 கார்களில் கடைசியானது 1998-இல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. ஓசைக்கும் புகைக்கும் வந்த கட்டுப்பாடுகளால் அதன் இடத்தை நீரால் குளிரும் என்ஜின் பிடித்தது.

முள் காட்டும் எண் எந்த இடத்து எண்ணெயைப் பற்றியது என்பது ரேனால்ட்ஸ் நாளிலிருந்து தொடரும் கேள்வி. குமிழ் பெரும்பாலும் தொட்டியிலோ குழாய் வழியிலோ இருக்கிறது. நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் கிராங்க் தண்டு நொடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் மேற்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர் விரைகிறது. அதன் கீழே, தலைமுடியின் தடிமனில் பலவற்றில் ஒரு பங்கான, சில மைக்ரான் எண்ணெய்ப் படலம் கசக்கப்படுகிறது. தொட்டியில் 100 டிகிரி என்று முள் காட்டும்போது அந்தப் படலத்தின் சூடு அதைவிடப் பல பத்து டிகிரி கூடுதலாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்து என்ஜின்களில் தாங்கியின் உலோகத்திலேயே நுண்ணிய வெப்ப இரட்டைகளைப் புதைத்து இதை அளக்கிறார்கள். சாலையில் போகிறவருக்குக் கிடைப்பது தொட்டியின் எண்தான்.